ஒரு சீட்டு குறைகிறது

துறை அறையில் என் மேசையின் அடி இழுப்பறையில், நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. நோட்டுத்தாளைக் கிழித்து நாலாக மடித்த சீட்டுகள் அதற்குள் 53. 54 இருந்திருக்க வேண்டும். போன வருடத்திலிருந்து இதைக் காலி செய்ய வேண்டும் என்று எடுக்கிறேன், திறக்கிறேன், இரண்டு சீட்டைப் பிரித்து வாசிக்கிறேன், மறுபடி மூடி வைத்துவிடுகிறேன். ஒரு விஷயம் மனசில் கிடந்து உறுத்தினால் அதை எழுதித் தீர்ப்பது என் வழக்கம். இதை எழுத உட்காரவே ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பொருளியல் நடத்துகிறேன். இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு மக்கள்தொகையியல் ஒரு தாள். பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், பதிலீட்டு நிலை என்று வரையறைகளாகவே போகும் தாள் அது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு, வெளியே மழை வேறு. குலசேகரம், ஆறுகாணி பக்கத்துப் பிள்ளைகள் மலையோரப் பஸ் போய்விடுமே என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ‘விரும்பும் குடும்ப அளவு’ என்ற பகுதியை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டுப் போக மனசு வரவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாகப் போய்க் கேட்கிற அந்தக் கேள்வியையே கரும்பலகையில் எழுதினேன். குழந்தை இல்லாதவர்களிடம் கேட்க வேண்டிய வடிவம் இது: உங்கள் வாழ்நாள் முழுவதற்கும் எத்தனை குழந்தைகள் என்று நீங்களே சரியாகத் தேர்ந்தெடுக்க முடிந்தால், எத்தனை பெற்றுக்கொள்வீர்கள்? பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும், காரணம் சொல்லத் தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் டப்பா நிறைந்தது. பஸ்ஸும் தப்பவில்லை.

சனிக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினேன். ‘2’ குவியல்தான் உயரம். அதிலும் பையன்கள் எழுதியது என்று பார்த்தாலே தெரியும் சீட்டுகளில் ‘ஆசைக்கு ஒன்று, ஆஸ்திக்கு ஒன்று’ என்ற வசனம் நாலைந்தில் வந்திருந்தது. ‘1’ எழுதியவர்களில் பெண்பிள்ளைகள் அதிகம். அவர்கள்தான் காரணமும் எழுதியிருந்தார்கள். ‘ஒண்ணையாவது நல்லாப் படிக்க வைக்கணும்.’ ‘பெத்த பிறகு வேலைக்குப் போகணும், அதுக்கு ஒண்ணுதான் முடியும்.’ சிலர் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதி அடியில் கோடு போட்டிருந்தார்கள். ஒரு சீட்டில் எண்ணே இல்லை, ‘கர்த்தர் தருவது’ என்றிருந்தது. ஆய்வுகளில் இப்படிப்பட்ட பதில்களை எண் அல்லாத பதில் என்று தனியாக ஒதுக்கி வைப்பார்கள். நானும் ஒதுக்கினேன். ஒரே ஒரு சீட்டு ‘3’. அதன் கீழே பச்சை மையில் ஒரு வரி: ‘ரெண்டு பேர் வெளிநாடு போனாலும் ஒருத்தர் வீட்டில் வேணும்லா.’

திங்கள்கிழமை வகுப்பில் எனக்கு ஒரே உற்சாகம். புத்தகத்தில் உள்ளது என் கண்முன் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறதே என்ற உற்சாகம். ஒரு தலைமுறை தன்னைத் தானே அப்படியே புதுப்பித்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தைகள் வேண்டும், தமிழ்நாடு 1990களிலேயே அந்தக் கோட்டுக்கு இறங்கிவிட்டது, 2019-21 ஆய்வில் 1.8, இந்தியா மொத்தத்துக்கும் 2.0 என்று பலகை நிறைய எழுதினேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு கூடிய மாவட்டம் நம்முடையது, ஏறக்குறைய 92 விழுக்காடு, படித்த பெண்கள் உள்ள ஊரில் குடும்பம் தானாகவே சிறுத்துவிடும், அதற்கு நீங்களே சாட்சி என்று முடித்தேன். முடிக்கிற நேரத்தில் அந்த ‘3’ சீட்டை எடுத்து வாசித்தேன். விதிவிலக்குக்கு உதாரணம் காட்டத்தான் வாசித்தேன். ஆனால் வாசித்த குரலில் ஒரு சிரிப்பு கலந்திருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. எழுதியது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்தப் பிள்ளையும் உட்கார்ந்திருந்தது என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

சுவரில் நான்கு முகங்கள்

எனக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நான் பூதப்பாண்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் சிவப்பு முக்கோணம், அதன் பக்கத்தில் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் என்று நான்கு முகங்கள் வரைந்திருக்கும். ‘நாம் இருவர் நமக்கு இருவர்.’ மழைக்காலத்தில் பாசி படிந்து அந்தப் பெண்குழந்தையின் முகம் முதலில் கறுக்கும், பொங்கலுக்கு முன்னால் யாராவது வந்து புதுசாக வரைந்துவிட்டுப் போவார்கள். எழுத்துக் கூட்டி நான் வாசித்த முதல் வாசகங்களில் அதுவும் ஒன்று. வீட்டில் நாங்கள் நாலு பிள்ளைகள். அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் வீடு ஏதோ தப்பு செய்துவிட்டது மாதிரி எனக்கு ஒரு கூச்சம் இருந்தது.

ஆச்சிக்கு எட்டு. அதில் தங்கியது ஐந்து. யாராவது, ‘ஆச்சி, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்டால் யோசிக்காமல், ‘எட்டு’ என்பாள். பாட்டா பக்கத்திலிருந்து, ‘அஞ்சுன்னு சொல்லேன்’ என்பார். ‘நான் பெத்தது எட்டு. நீங்க வேணும்னா அஞ்சுன்னு சொல்லுங்க’ என்று விடுவாள். பிறக்கிற குழந்தை பிழைக்கும் என்ற உறுதி இல்லாத காலத்துக் கணக்கு அது. பிழைக்கும் என்ற உறுதி வந்த பிறகுதான் பெரும்பாலும் குடும்பம் சிறுத்தது. வகுப்பில் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆச்சி விரும்பித்தான் எட்டுப் பெற்றாளா என்று மட்டும் அவள் இருக்கும்வரை எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அம்மை நாலோடு ஆபரேஷன் செய்துகொண்டாள். அம்மையை அரசு ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனதும், வரும்போது அவள் கையில் ஒரு வாளி இருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு ஒரு மகள். ஒன்றோடு நிறுத்தியது என்னுடைய முடிவு என்று யார் கேட்டாலும் சொல்வேன். எட்டு, நாலு, ஒன்று. இறப்பு குறைந்த பிறகு பிறப்பும் குறையும் என்கிற மக்கள்தொகை மாற்றக் கோட்பாட்டை எங்கள் வீட்டுக்குள்ளேயே வரைந்து காட்டிவிடலாம். எதற்கு வேறு சான்று வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

கையெழுத்தைத் தேடி

அந்தத் திங்களுக்குப் பிறகு நாலு நாள் ஒரு மாணவி வகுப்புக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம், மற்ற ஆசிரியர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், துறை அறை வாசலில் வந்து நின்றாள். மார்த்தாண்டத்துக்கு மேற்கே உள்ள ஊர்க்காரி, வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். விடுப்புக் கடிதத்தோடு வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

“மேம், அண்ணைக்கு எழுதித் தந்த சீட்டெல்லாம் இருக்குதா?”

“இருக்கு. எதுக்கு?”

“எனக்க சீட்டு ஒண்ணு வேணும். மாத்தி எழுதணும்.”

பெயர் எழுதவில்லையே, எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். “எனக்க எழுத்து எனக்குத் தெரியாதா மேம்?” என்றாள். மேசையில் இடம் இல்லை, விடைத்தாள் கட்டுகள் கிடந்தன. தரையில் ஒரு பழைய நாளிதழை விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். சனிக்கிழமை நான் எண்ணைப் பார்த்து அடுக்கினேன் அல்லவா, இப்போது கையெழுத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் எல்லாவற்றையும் முழுசாக வாசித்தோம். முதலில் 2 எழுதி, அதை அடித்து 1 ஆக்கி, அதையும் அடித்து மறுபடி 2 எழுதிய சீட்டு ஒன்று. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருந்தது. மீன்வாடை அடிக்கிற சீட்டு ஒன்று. அதில் ‘2, ஒருத்தனையும் கடலுக்கு விடமாட்டேன்.’ பரீட்சை விடை மாதிரி ‘பொருளாதாரக் காரணங்களால் 1’ என்று எழுதியது ஒன்று. இதெல்லாம் போன வாரமும் இருந்தவைதான். என் அடுக்கில் அவை வெறும் ஒன்றும் இரண்டுமாக இருந்தன.

தேடிக்கொண்டே அவள் சொன்னாள். அம்மைக்கு ரொம்ப நாளாக வயிற்றுவலி, இந்தத் தடவை உதிரப்போக்கு நிற்கவே இல்லை, கர்ப்பப்பையை உடனே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சவுதியில், தம்மாமில். வீட்டில் இவள் ஒரே பிள்ளை. அப்பா வீடியோ காலில் அழுதுகொண்டிருக்க, ஆபரேஷனுக்குச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட ஆள் கேட்டார்கள். “பெரியவங்க வேற யாரும் வரலியான்னு கேட்டாவ. நான்தான்னு சொன்னேன். கை வெறச்சுப்போச்சு மேம். எனக்க பேரையே ஒரு எழுத்து விட்டு எழுதிட்டேன். அந்த அக்கா சிரிக்காம வேற தாள் கொண்டு தந்தாவ.” இரண்டு யூனிட் இரத்தம் வேண்டும் என்றதும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். அரைமணி நேரத்தில் நம் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘ஆஸ்திக்கு ஒன்று’ என்று எழுதியவர்களில் அவர்களும் இருக்கக்கூடும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

“அவியெல்லாம் வந்தாவ மேம். ஆனா ராத்திரி யாரு இருக்கதுக்கு? எனக்குப் பாத்ரூம் போகணும்னா அம்மைய விட்டுட்டு எப்படிப் போக? பக்கத்துக் கட்டில்ல ஒரு பாட்டி உண்டு. அவங்ககிட்டச் சொல்லிட்டு ஓடிப்போய் ஓடி வருவேன். மூணாம் நாளு அம்மை சொன்னா, உனக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கலாம் பிள்ளேன்னு. இதுக்கு முன்ன ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. நீ ஒருத்தி போதும்னுதான் எப்பவும் சொல்லுவா.”

அப்போதுதான் பச்சை மைச் சீட்டு அவள் கையில் வந்தது. ‘ரெண்டு பேர் வெளிநாடு போனாலும் ஒருத்தர் வீட்டில் வேணும்லா.’ மெதுவாக வாசித்தாள். திங்கள்கிழமை சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. இன்றைக்குச் சிரிக்கவில்லை. மடித்து, மற்றவற்றோடு சேர்க்காமல், நாளிதழின் ஓரத்தில் தனியாக வைத்தாள். நான் அதை வாசித்த விதம் சரியில்லை என்று சொன்னேன். “நீங்க சிரிக்கல மேம், நாங்கதான் சிரிச்சோம்” என்றாள். என்னைத் தேற்றத்தான் சொன்னாள்.

எனக்கு அந்த நிமிடத்தில் அம்மையின் முகம் வந்தது. முந்தின வருடம் அம்மை முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, நாலு பெற்றவள் பக்கத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். அண்ணன் மஸ்கட், அக்கா பெங்களூரு, தம்பி சென்னை. எல்லாரும் பணம் அனுப்பினார்கள், எல்லாரும் ராத்திரி போன் செய்தார்கள், ஒருவர் மேலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மைக்குப் பெட்பேன் வைக்க இரண்டு கைகள்தான் இருந்தன. பச்சை மையில் எழுதிய பிள்ளை மூன்றோடு நிறுத்திக்கொண்டது குறைவான கணக்கு. எங்கள் வீட்டில் மூன்று போய்த்தான் ஒன்று நின்றது.

‘முடிந்தால்’

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கரும்பலகையில் நான் எழுதிய கேள்வியையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால். எண்ணைக் கேட்கிற கேள்வி என்று அதை 15 வருடமாக நடத்திவருகிறேன். கேள்வியின் பாரம் முழுக்க அந்த ‘முடிந்தால்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஆய்வு செய்கிறவர்கள் அதை நேர்மையாகத்தான் கேட்கிறார்கள். தடைகளையெல்லாம் மறந்துவிட்டு ஆசையை மட்டும் சொல் என்பதுதான் அதன் பொருள். என் பிள்ளைகளோ தடைகளை முதலில் எண்ணி, மிச்சத்தை எண்ணாக எழுதித் தந்திருந்தார்கள். ஆசையைக் கேட்டேன், அவர்கள் கணக்கு எழுதினார்கள், நான் அதை ஆசை என்று வாசித்தேன்.

என்ன கணக்கு? நம் மாவட்டத்தில் முதல் வரி நகை. வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961இல் வந்தது. இன்றைக்கும் இங்கே பெண் பார்க்க வருகிறவர்கள் பெயர், படிப்புக்கு அடுத்ததாகக் கேட்பது எத்தனை பவுன் என்றுதான். சாதி மாறினாலும் மதம் மாறினாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை, படித்த மாப்பிள்ளைக்குக் கூடுதல் பவுன். எழுத்தறிவு கூடினால் பெண்ணின் விலை இறங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை, இருந்தாலும் வகுப்பில் அப்படித்தான் நம்பிப் பேசிவந்தேன். 92 விழுக்காடு என்று பெருமையாகப் பலகையில் எழுதிய அன்றைக்கு, அந்தப் பெஞ்சுகளில் இருந்த எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கவில்லை, அடகுக்கடை தீர்மானித்திருக்கிறது. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம், ஆறவிட விருப்பமும் இல்லை. ஒரு தங்கை வேண்டுமா என்பதைப் பவுனில் அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவெடுத்த பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அளக்க வைத்தவர்களைச் சொல்கிறேன்.

இரண்டாவது வரி, யார் போவார், யார் இருப்பார் என்பது. வளைகுடாவுக்கும் கப்பலுக்கும் செவிலியர் வேலைக்குமாக ஆள் அனுப்பி வாழ்கிற மண் இது. மேற்கே கேரளத்துக்கு நடந்ததுதான் நமக்கும் நடக்கிறது. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்து மண்தானே. 2021 மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயது கடந்தவர்கள் 10.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 13.6, கேரளத்தில் 16.5. இந்த எண்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். சாயங்காலம் வில்லுக்குறியிலிருந்து குழித்துறை வரைக்கும் பஸ்ஸில் போனால், பெரிய கேட்டும் மாடியும் உள்ள வீடுகளில் ஒரே ஒரு அறையில் விளக்கு எரிவதைப் பார்க்கலாம். அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று நமக்கெல்லாம் தெரியும்.

மூன்றாவது, பெண்பிள்ளைகளின் வேலை. ‘வேலைக்குப் போகணும், அதுக்கு ஒண்ணுதான் முடியும்’ என்று எழுதியவள், சோம்பலில் எழுதவில்லை. குழந்தை பெற்றபிறகு அரசு வேலையில் இருந்தால் தமிழ்நாட்டில் 2021 முதல் 12 மாதம் விடுப்பு உண்டு. ஜவுளிக்கடையிலும் தனியார் பள்ளிக்கூடத்திலும் பில்லிங் கவுண்டரிலும் நிற்கிறவளுக்கு இது எட்டாத தூரம். சட்டத்தில் உள்ள 26 வாரத்தைக்கூட வாய்விட்டுக் கேட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்பார்களோ என்ற பயம். அவளுக்கு இரண்டாவது குழந்தை என்பது இரண்டாவது தடவை வேலையை விடுவது.

இந்த நேரத்தில்தான் மேடைகளில் பேச்சு மாறத் தொடங்கியது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதல் குழந்தைகள் பெறச் சொன்னார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் முதல்வர் ஸ்டாலின், பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற பழைய வாழ்த்தை எடுத்து, அது 16 செல்வங்களைச் சொன்னது, இப்போதைய நிலைமையில் 16 பிள்ளைகளே பெற்றுக்கொள்ளலாமோ என்று தோன்றுகிறது என்றார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், புதுமணத் தம்பதியர் உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் கவலையின் காரணம் எனக்குப் புரிகிறது. 1971 மக்கள்தொகைப்படி நிறுத்திவைத்திருக்கிற நாடாளுமன்றத் தொகுதிக் கணக்கு, 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பை வைத்து மாறினால், சொன்ன பேச்சைக் கேட்டுக் குடும்பத்தைச் சுருக்கிய மாநிலம் தொகுதிப் பங்கை இழந்து தண்டனை அனுபவிக்கும். அது அநியாயம், அதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கின் பதிலைப் பெண்களின் வயிற்றில் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அன்று சுவரில் இரண்டு என்று எழுதினார்கள். இன்று மேடையில் கூடுதல் என்கிறார்கள். இரண்டு தடவையும் அவளிடம் சொன்னார்கள், அவளைக் கேட்கவில்லை. இதற்கிடையில் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், 1992இலிருந்து இருக்கிற திட்டம் அது, ஒரு பெண் குழந்தை என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000. பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க என்னிடம் வந்த பெண்களுண்டு. திட்டம் நல்லது, எத்தனையோ பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. படிவம் ஒன்று சொல்கிறது, மேடை வேறு சொல்கிறது, கையெழுத்துப் போடுகிறவள் ஒருத்தி.

தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பணம் கொடுத்துப் பார்த்தார்கள், விடுப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரைக்கும் எண் ஏறவில்லை. நம் பிள்ளைகள் அங்கே போய்ச் சேர்வார்களா என்று என்னைக் கேட்டால், ‘வேண்டாம்’ என்று எழுதி அடியில் கோடு போட்ட அந்தச் சிலரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கோட்டை அவர்கள் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்கள்.

இந்த வருடம் அதே தாள், புது வகுப்பு. கேள்வியை எழுதிவிட்டு அடியில் இன்னொன்று சேர்த்தேன்: அத்தனை பேரைப் பெற்று வளர்க்க உனக்கு என்னென்ன இருக்க வேண்டும்? எண்ணுக்கு ஐந்து நிமிடம் போதும் என்றிருந்தவர்கள் இதற்கு ஒரு பீரியடு முழுக்க எடுத்துக்கொண்டார்கள். நாகர்கோவிலிலேயே வேலை. சீதனம் கேட்காத வீடு. கூப்பிட்டால் வருகிற தூரத்தில் அம்மை. ராத்திரி எழும்பிப் பாலாற்றிக் கொடுக்கிற புருஷன். ஒரு பையன், ‘குழந்தையைத் தூக்கிட்டுப் போக பஸ்ஸில் இடம்’ என்று எழுதியிருந்தான். அவன் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவனாக இருக்க வேண்டும்.

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். கடைசியில் அவள் சீட்டு கிடைத்தது. தாளின் மூலையில், மற்றவர்கள் எழுதியதில் பாதி அளவு எழுத்தில், ‘1. படிக்க வைக்க, கெட்டிக் குடுக்க ஒண்ணுன்னாதான் முடியும்.’ என் பேனாவை வாங்கி 1க்குப் பக்கத்தில் 2 என்று எழுதினாள். 1ஐ அடிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அடிக்கவில்லை. பேனாவை மூடிவிட்டு, “மேம், நான் எழுதினா மட்டும் போதுமா? கெட்டப் போறவன் எழுதணும். அவனுக்க அம்மை எழுதணும். எல்லாரும் எழுதின பெறகுதானே இது எத்தனைன்னு தெரியும்?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. கீழே சிதறிக் கிடந்தவற்றையெல்லாம் அவளே பொறுக்கி டப்பாவில் போட்டாள், பச்சை மைச் சீட்டைக் கடைசியாக வைத்து மூடினாள். தன்னுடையதைப் போடவில்லை. “இத நான் கொண்டுபோகட்டா மேம்?” என்றாள். சரி என்றேன்.

அவள் அம்மை இப்போது நன்றாக இருக்கிறாளாம், வீட்டில் இரண்டு ஆடு வாங்கி விட்டிருக்கிறார்களாம். இவள் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் செல்போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொல்வேன். அவள் போனின் பின்னுறை கண்ணாடி மாதிரி உள்ளே உள்ளது தெரிகிற ரகம். அதற்குள் பஸ்ஸுக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டும், அதன் மேல் நாலாக மடித்த கோடு போட்ட தாளும் இருக்கின்றன. எழுத்து உள்பக்கமாக மடிந்திருக்கிறது.